சிங்குக்கு அடியில் தீராத ஈரம்: பிளம்பரை மாற்றுவதற்கு முன்

வாசகி ஒருவரின் கேள்வி: ஐயா, மாடி வீட்டில் குடியிருக்கிறோம். சமையலறை சிங்குக்கு அடியில் தண்ணீர் தேங்கிக்கொண்டே இருக்கிறது. இதுவரை மூன்று பிளம்பர்கள் வந்துவிட்டார்கள். முதலில் வந்தவர் டெஃப்லான் டேப் சுற்றினார். அடுத்தவர் எம்-சீல் வைத்தார். மூன்றாமவர் வேஸ்ட் பைப்பையே புதிதாக மாற்றினார். ஒவ்வொரு முறையும் பத்து நாள் நன்றாக இருக்கிறது, அப்புறம் மறுபடியும் ஈரம். இப்போது கீழ்வீட்டுத் தளத்திலும் ஓதம் இறங்குகிறது என்கிறார்கள். நடுவில் சிங்க் அடைத்துக்கொண்டதால் என் கணவர் அடைப்பு நீக்கும் பவுடரை இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். பிளம்பர்கள் வேண்டுமென்றே அரைகுறையாகச் செய்து மறுபடி கூப்பிட வைக்கிறார்களா? இல்லை, நாங்கள்தான் ஏதாவது தவறு செய்கிறோமா?

பதில்: அரைகுறையாக வேலை செய்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குப் பட்டது வேறு. "நடுவில் சிங்க் அடைத்துக்கொண்டது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த அடைப்பைப் பற்றி வந்த மூவரில் யாரிடமாவது சொன்னீர்களா? அவர்களில் யாராவது கேட்டார்களா? இரண்டும் நடந்திருக்காது. மூன்று பேரும் ஈரம் தெரிந்த இடத்தைப் பார்த்தார்கள், அங்கே ஏதோ செய்தார்கள், போய்விட்டார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாரும் தேடவில்லை.

ஏன் அடைப்பைச் சொல்கிறேன் என்றால், சிங்கின் வேஸ்ட் பைப் முடிகிற இடத்தைக் குனிந்து பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அந்த வளையும் பைப் சுவரிலோ தரையிலோ இருக்கும் பெரிய குழாயின் வாயில் சும்மா செருகப்பட்டிருக்கும். சுற்றிலும் இடைவெளி. உள்ளே குழாய் சுத்தமாக இருக்கும்வரை அந்த இடைவெளியால் தொந்தரவு இல்லை. அதற்கு அப்பால் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து வழி குறுகிவிட்டால், சிங்கிலிருந்து வேகமாக இறங்கும் தண்ணீர் உடனே போக முடியாமல் எதிர்த்து ஏறும். ஏறுகிற தண்ணீருக்கு வெளியே வர எளிதான வழி அந்த இடைவெளிதான். பொங்கி வழிந்து அலமாரிக்குள் தேங்கும். அந்த ஓட்டை வழியாகவே தளத்துக்குள்ளும் இறங்கும். மேலே நீங்கள் எத்தனை பைப் மாற்றினாலும் இது நிற்காது. பவுடர் போட்டதும் வழி கொஞ்சம் திறந்திருக்கும். சில நாளில் மறுபடி பிசுக்கு கூடியிருக்கும். நீங்கள் சொல்லும் பத்து நாள் கணக்கு இதோடு நன்றாகப் பொருந்துகிறது.

ஆனாலும் நேரில் பார்க்காமல் இதை அடித்துச் சொல்ல மாட்டேன். நீங்களே வீட்டில் சோதித்துவிடலாம், கருவி எதுவும் வேண்டாம்.

சிங்குக்கு அடியில் இருக்கும் பொருட்களை எல்லாம் எடுத்துவிடுங்கள். குழாய், வால்வு, தரை எல்லாவற்றையும் பழந்துணியால் ஈரம் போகத் துடையுங்கள். கீழே பழைய செய்தித்தாளை விரியுங்கள். சிங்க் குழாய்க்குப் போகும் ஆங்கிள் வால்வைத் திறந்தே வையுங்கள். ஆனால் சில மணி நேரம் சிங்கைப் பயன்படுத்தாதீர்கள். இரவில் செய்வது வசதி. காலையில் காகிதம் நனைந்திருந்தால் கசிவு பெரும்பாலும் தண்ணீர் வரும் பக்கத்தில்: ஆங்கிள் வால்வு, இணைப்பு ஹோஸ், குழாயின் அடிப்பாகம். அங்கே எப்போதும் அழுத்தம் இருப்பதால் யாரும் குழாயைத் திறக்காவிட்டாலும் கசியும்.

காகிதம் காய்ந்திருந்தால் அடுத்த கட்டம். சிங்கின் ஓட்டையை மூடியோ துணியோ வைத்து அடைத்து, விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர் நிரப்புங்கள். கால் மணி நேரம் விடுங்கள். அதற்குள் கீழே சொட்டினால், சிங்கையும் பைப்பையும் சேர்க்கும் வேஸ்ட் கப்ளிங்கின் வாஷரில் குறை. சொட்டவில்லையா, ஓட்டையில் வைத்த மூடியையோ துணியையோ ஒரேயடியாக எடுத்துவிட்டு உடனே கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த முழுத் தண்ணீரும் இறங்கும்போது ஒவ்வொரு இணைப்பையும், முக்கியமாகக் குழாய் சுவருக்குள் நுழையும் வாயையும் கவனியுங்கள். சந்தேகப்படும் இணைப்பில் காய்ந்த டிஷ்யூ காகிதத்தை ஒற்றி எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத கசிவும் கறையாகத் தெரிந்துவிடும்.

இந்தச் சோதனையில் சிங்கை நிரப்புவதுதான் முக்கியம். பிளம்பர் வேலையை முடித்ததும் குழாயை ஒரு நிமிடம் திறந்துவிட்டு, "பாருங்க, ஒரு சொட்டு இல்லை" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. மெல்லிய ஓட்டம் குழாயின் அடியைத் தொட்டபடி நழுவிப் போய்விடும். இணைப்பின் மேல்பாதியை அது தொடுவதே இல்லை. குழாய் நிரம்பி ஓடினால்தான் குறை வெளியே தெரியும். அதனால் யார் வந்து எந்த வேலை செய்தாலும் சிங்கை ஒரு முறை முழுதாக நிரப்பி வடித்துக் காட்டச் சொல்லுங்கள். பணம் கொடுப்பது அதற்குப் பிறகு. நல்ல தொழிலாளி இதைக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பெரிய குழாயின் வாயில்தான் தண்ணீர் பொங்குகிறது என்று தெரிந்தால், முதலில் உள்ளே இருக்கும் அடைப்பை ஸ்பிரிங் கம்பி விட்டு முழுதாக எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்த வாயில் ரப்பர் வளையம் போட்டு மூட வேண்டும். வரிசை மாறினால், வெளியேற வழியில்லாத தண்ணீர் சிங்குக்குள்ளேயே எதிர்த்து வரும். அடைப்பு எடுத்த பிறகும் சில வாரத்திலேயே திரும்பினால், குழாய் எங்கோ தொய்ந்திருக்கிறது அல்லது சரிவு போதவில்லை என்று அர்த்தம். சிறிய கழிவுக் குழாய்களுக்கு 40 அடிக்கு 1 அடி என்ற அளவில் சரிவு கொடுப்பது வழக்கம். அது இல்லாத இடத்தில் தண்ணீர் போய்விடும், பிசுக்கு தங்கிவிடும்.

இனி பவுடர். இந்த அடைப்பு நீக்கிகளில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா. தண்ணீர் பட்டதும் அது கடுமையாகச் சூடேறும். பாதி அடைத்த குழாயில் பிசுக்கைக் கொஞ்சம் கரைக்கும். முழுதாக அடைத்துக்கொண்ட குழாயிலோ போக வழியில்லாமல் ஒரே இடத்தில் நின்று கொதிக்கும். தண்ணீர் போதாவிட்டால் அதுவே கெட்டியாகி உட்கார்ந்துவிடும். பிவிசி குழாய் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் பலம் இழக்கும். கொதிக்கும் தண்ணீரை ஊற்றி அடைப்பை எடுக்கப் பார்ப்பதும் இதனால்தான் வேண்டாம் என்கிறேன். இன்னும் பெரிய ஆபத்து, அதைப் போட்டதைச் சொல்லாமல் பிளம்பரைக் கழற்ற விடுவது. சிங்குக்கு அடியில் தண்ணீர் தங்கும் வளைவான ட்ராப்பைத் திறந்ததும் அந்தக் காரத் தண்ணீர் அவர் கையிலும் கண்ணிலும் தெறிக்கும். தயவுசெய்து அடுத்து வருகிறவரிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிடையும் பிளீச்சையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஊற்றிவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

உங்கள் முதல் பிளம்பர் செய்ததையும் சொல்ல வேண்டும். டெஃப்லான் டேப் மரை உள்ள இணைப்புக்கானது. இரும்பு, பித்தளை மரைகளில் ஆண் மரையின் (வெளிப்புறம் வரி உள்ள முனையின்) முகம் நம்மைப் பார்த்திருக்கும்படி வைத்து, கடிகாரம் சுற்றும் திசையில் இழுத்துச் சுற்றினால் அது நன்றாக உட்காரும். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போதே பிரிந்து வந்துவிடும். ஆனால் சிங்க் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் நட்டுகளில் தண்ணீரைத் தடுப்பது மரை இல்லை, உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர். அங்கே டேப் சுற்றினால் ஒரு பயனும் கிடையாது. சில சமயம் நட்டு நேராக உட்காராமல் கசிவு கூடவும் செய்யும். வாஷர் தடித்தோ கிழிந்தோ போயிருந்தால் புதியது போடுவதுதான் வழி.

எம்-சீல் விஷயமும் இப்படித்தான். நகர முடியாத, காய்ந்த, சுத்தமான பரப்பில் விரிசலை மூட அது நல்ல பொருள்தான். தண்ணீர் கசிந்துகொண்டிருக்கும் இணைப்பின் மேல் வெளியிலிருந்து அப்பினால் உள்ளிருந்து வரும் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதைவிட மோசம், அடுத்து வருகிறவர் அந்த இணைப்பைக் கழற்றவே முடியாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். நடுராத்திரியில் அவசரத்துக்கு வைக்கலாம். காலையில் வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது.

அப்புறம் இறுக்குவது. பிளம்பர் நட்டைத் திருகும்போது பின்னால் நின்று "இன்னும் கொஞ்சம் இறுக்குங்க" என்று சொல்லாத வீட்டுக்காரரை நான் பார்த்ததில்லை. பிளாஸ்டிக் நட்டையும், ஹோஸ் முனையில் வாஷர் உள்ள நட்டையும் கையால் இறுக்கி, ஸ்பானரால் கால் சுற்று விட்டால் பெரும்பாலும் போதும். அதற்குமேல் போனால் வாஷர் பிதுங்கும், பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் விழும். அந்த விரிசல் அன்றே கசியாது. சில நாள் கழித்து, யாரும் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து நட்டு இரண்டாகப் பிளக்கும்.

இப்போது நீங்கள் கேட்ட முக்கியமான கேள்வி. பிளம்பர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்?

இந்தத் தொழிலில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதைச் சொல்கிறேன். ஒருவர் வந்து ஒரு மணி நேரம் குனிந்து நிமிர்ந்து தேடி, ஒரே ஒரு வாஷரை மாற்றிவிட்டுக் கூலி கேட்டால், "ஒரு வாஷருக்கா இவ்வளவு?" என்று கேட்கிறோம். இன்னொருவர் வந்ததும் பளபளவென்று புது பைப்பை மாட்டிவிட்டுப் போனால் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுகிறோம். தேடுவதற்குக் கூலி கிடையாது, மாற்றினால்தான் கூலி என்று ஆகிவிட்டால் அவர் எதற்காகத் தேடப் போகிறார்? கண்ணில் படுகிற எதையாவது மாற்றத்தான் செய்வார். கோளாறைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி, மற்றதெல்லாம் கைப்பழக்கம். "எங்கிருந்து கசிகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள், அதற்குத் தனியாகக் கொடுத்துவிடுகிறேன். எதையும் மாற்றுவதற்கு முன் எனக்குக் காட்டுங்கள்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிப் பாருங்கள். வேலையின் போக்கே மாறும்.

ஒவ்வொரு முறையும் புது ஆளைக் கூப்பிட்டதும் உங்களுக்கு எதிராகத்தான் வேலை செய்திருக்கிறது. முதல் ஆள் வைத்தது தோற்றுப்போனது என்பதே ஒரு தகவல். அதை அறிந்தவர் அதே இடத்தில் மறுபடி கை வைக்க மாட்டார். புதிதாக வந்தவருக்கு அது தெரியாது. கூடியவரை முதலில் செய்தவரையே கூப்பிட்டு, கோபப்படாமல், "நீங்கள் செய்தது பத்து நாளில் திரும்பிவிட்டது, காரணம் என்னவாக இருக்கும்?" என்று கேளுங்கள். அவர் வர மறுத்தாலோ, வந்தும் அதையே செய்தாலோ மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது முழுக் கதையையும் புதியவரிடம் சொல்லிவிடுங்கள்: எப்போது ஆரம்பித்தது, எப்போதெல்லாம் கசிகிறது, இதுவரை யார் என்ன செய்தார்கள், பவுடர் போட்டது உட்பட. பொங்கி வழியும் நேரத்தில் ஃபோனில் ஒரு வீடியோ எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. தேவையான வாஷரையும் கம்பியையும் கையோடு கொண்டு வருவார். கடைக்கும் வீட்டுக்குமாக அலைவது மிச்சம்.

வேலை தொடங்குமுன் எது வரை செய்வார், பொருளை யார் வாங்குவது, மறுபடி கசிந்தால் என்ன ஏற்பாடு என்பதைப் பேசி முடித்துவிடுங்கள். கழற்றிய பழைய பாகத்தை உங்களிடமே கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். அடுத்த முறை அதே அளவில் வாங்க உதவும். உண்மையிலேயே கெட்டுப்போனதா என்பதும் தெரியும். பொருளை நீங்களே வாங்குவதாக இருந்தால் அவரிடம் அளவும் வகையும் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். அழகாக இருக்கிறது என்று பெரிய ஷவரை வாங்கி வந்து மாட்டச் சொல்லிவிட்டு, தண்ணீர் வேகமாக வரவில்லை என்று பிளம்பரைக் குறை சொல்கிறவர்கள் நிறைய. 10 மீட்டர் உயரத்துத் தண்ணீர் கொடுப்பது ஏறக்குறைய 1 பார் அழுத்தம். ஷவருக்கு மேல் 3 மீட்டர் உயரத்தில் தொட்டி இருந்தால் 0.3 பார்தான் கிடைக்கும். 1 பார் வேண்டும் என்று பெட்டியில் அச்சிட்ட ஷவரை அங்கே யார் மாட்டினாலும் சொட்டத்தான் செய்யும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வீட்டுக்கு வரும் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தாலும், அது திரும்புகிறதா? ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்ட கேட் வால்வு உப்புப் படிந்து இறுகிவிடும். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் பீய்ச்சும்போது போய்த் திருகினால் கைப்பிடி மட்டும் கையோடு வரும். சில மாதத்துக்கு ஒரு முறை மூடித் திறந்து வையுங்கள். வீட்டில் எல்லோருக்கும், பிள்ளைகளுக்கும்கூட, அதைக் காட்டி வையுங்கள்.

தண்ணீர் சேமித்துச் சூடாக்கும் கீசர் வீட்டில் இருந்தால், அதன் பக்கத்தில் ஒரு சின்ன சேஃப்டி வால்வு இருக்கும். தண்ணீர் சூடேறி விரியும்போது அதிலிருந்து சில சொட்டு வருவது இயல்புதான். சொட்டுகிறதே என்று அதை மூடி போட்டு அடைத்துவிடும் வழக்கம் இருக்கிறது. அதைச் செய்யவே கூடாது. அழுத்தம் வெளியேற வழியில்லாமல் போனால் டாங்க் வெடிக்கலாம். ஓயாமல் கொட்டினால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

சொட்டும் குழாயை அப்படியே விடுவதும் பொதுவான பழக்கம். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் 86,400 சொட்டு. ஒரு சொட்டைக் கால் மில்லி என்று கொண்டால் 21 லிட்டருக்கு மேல். பழைய மாதிரிக் குழாய் என்றால் பெரும்பாலும் ஒரு வாஷர்தான் தேய்ந்திருக்கும். அதைச் சீக்கிரம் மாற்றாமல் பலத்தை எல்லாம் போட்டு இறுக்கி மூடிக்கொண்டே இருந்தால், உள்ளே வாஷர் உட்காரும் இருக்கையும் தேய்ந்து, அப்புறம் குழாயையே மாற்ற வேண்டி வரும்.

கீழ்வீட்டு ஓதத்துக்கு வருகிறேன். அது சிங்க் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. தளத்துக்குள் இறங்கும் தண்ணீர் எப்போதும் நேர் கீழே வராது. உள்ளே ஓடி, விரிசலோ துளையோ கிடைத்த இடத்தில் தலைகாட்டும். குளியலறையோ சுவருக்குள் போகும் குழாயோகூடக் காரணமாக இருக்கலாம். வீட்டில் தண்ணீர் மீட்டர் இருந்தால் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மேல்தொட்டி என்றால் அதற்கு வரும் தண்ணீரை நிறுத்திவிட்டு மட்டத்தை அடையாளம் செய்து வையுங்கள். எண் நகர்ந்தாலோ மட்டம் இறங்கினாலோ தண்ணீர் வரும் குழாய் எங்கோ கசிகிறது. ஃப்ளஷ் டாங்க்கையும் பார்த்துவிடுங்கள்: அதில் கொஞ்சம் சாயம் கலந்துவிட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விட்டால், கோப்பையில் நிறம் தெரிகிறதா என்பதிலிருந்தே உள்கசிவு தெரியும். எதுவும் நகரவில்லை, நீங்கள் சிங்கையோ குளியலறையையோ பயன்படுத்தும் நாளில் மட்டும் ஓதம் கூடுகிறது என்றால் குறை கழிவுப் பக்கத்தில் இருக்கிறது.

இன்றே கீழ்வீட்டுக்காரரிடம் பேசிவிடுங்கள். ஓதம் விளக்குக்கோ மின்விசிறிக்கோ அருகில் இருந்தால் அந்த இணைப்பின் மின்சாரத்தை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள், இதைத் தள்ளிப்போட வேண்டாம். ஈரத் தடத்தின் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தால் நல்லது. கசிவை நிறுத்திய பிறகும் கான்கிரீட் காய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பெயின்ட் அடிக்க வேண்டாம், அடித்தால் உரிந்துவிடும். ஈரம் கோட்டுக்குள்ளேயே நின்று சுருங்கினால் பொறுத்திருங்கள். கோட்டைத் தாண்டினால், பிளம்பரைக் கூப்பிடும் முன் மீட்டர் சோதனையை இன்னொரு முறை செய்து, அதில் வந்ததையும் அவரிடம் சொல்லுங்கள்.